வாட்டுக்கும் ஒரு முத்திரை வேண்டும்



பருப்பு விலையையும் வரிக் கணக்கையும் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றி எழுதுகிறோமே என்று உறுப்பினர்கள் வியக்க வேண்டாம். நாம் எழுதப் போவதும் எடையைப் பற்றித்தான். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவு பெட்டிக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்துபவர்கள் நாம். அதனால் இதைப் பேச நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

இன்று மளிகைக் கடை, எண்ணெய் மண்டி, பாத்திரக் கடை என்று எங்கு பார்த்தாலும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பில் அதில்தான். சரக்கு இருப்பு அதில்தான். வாடிக்கையாளரின் பற்று வரவும் அதில்தான். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பேரேட்டை மட்டும் நம்பிக் கடை நடத்துவோர் குறைந்துவிட்டனர். அந்தக் கம்ப்யூட்டரிலேயே வீட்டுப் பிள்ளைகள் புதிதாகக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மாட்டுகிறார்கள். கடை விளம்பரத்துக்கு வீடியோ தயாரிக்க என்று ஒருவர் சொல்வார். விளையாட என்று ஒருவர் உண்மையைச் சொல்லிவிடுவார். கார்டின் விலையை நாம் கேட்கிறோம். அந்தக் கார்டுக்குத் தீனி போடும் பெட்டி தாங்குமா என்று கேட்பதில்லை. நாமும் கேட்கவில்லை. கேட்காததற்கு விலை கொடுத்தோம்.

நமது கடையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி நேரம். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நம் இளைய பிள்ளை, கடைக்கு ஒரு விளம்பர வீடியோ செய்து தருவதாகச் சொல்லி, 170 வாட் இழுக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்தான். மாட்டிக் கொடுத்தது உள்ளூர்க் கம்ப்யூட்டர் கடை ஒன்று. 'பழைய பெட்டி 450 வாட், தாராளமாகப் போதும்' என்றார்கள். கார்டுக்குத் தேவையான எட்டு முனை இணைப்பு பழைய பெட்டியில் இல்லை. ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் கம்பியில் மாட்டும் மாற்று இணைப்பு ஒன்றைச் செருகி ஓட்டிக் காட்டினார்கள். ஓடியது. நாமும் பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.

பகலில் பில் போடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. இரவில் வீடியோ வேலை நடக்கும்போது மின்விசிறியின் சத்தம் கூடியது. இரண்டாம் நாள் இரவு கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. மின்சாரம் போய் வந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் இரவு 'பட்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை, இருட்டுத் திரை. போனது பவர் சப்ளை மட்டுமல்ல. மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் கூடவே போயின. மறுநாள் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை.

அன்று கையால் பில் எழுதினோம். கூட்டத்தில் பாதி நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனது. அதைக்கூட மறந்துவிடலாம். கணக்கை வேறு இடத்தில் பிரதி எடுத்து வைத்துப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. அந்தப் பதினொரு நாள் பற்று வரவு காற்றோடு போயிற்று. இருபது ஆண்டுகளாக நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு சிறு கடைக்காரரிடம், 'அண்ணாச்சி, போன வாரம் பாக்கியைக் கட்டிவிட்டீர்களா?' என்று கேட்க வேண்டிய நிலை வந்தது. அவர் கட்டியிருந்தார். ரசீதும் வைத்திருந்தார். காட்டினார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் ரசீதை எடுக்கும்போது அவர் முகத்தில் தெரிந்த வருத்தம், நாம் இழந்த வியாபாரத்தைவிடப் பெரிய நட்டம். அதை எந்த வாரண்டியும் திருப்பித் தராது.

கம்ப்யூட்டர் கடையில் கேட்டோம். 'பெட்டியில் 450 என்று போட்டிருக்கிறதே, அதற்கு நான் என்ன செய்வேன்?' என்றார். இந்தப் பதில்தான் நம்மை இதை எழுத வைத்தது. ஒரு கிலோ பொட்டலத்தில் எண்ணூறு கிராம் இருந்தால், 'பொட்டலத்தில் ஒரு கிலோ என்றுதானே போட்டிருக்கிறது' என்று நாம் சொல்ல முடியுமா? சொன்னால் விடுவார்களா?

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லப்படும் பவர் சப்ளையின் வேலை எளிது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறு மின்சாரத்தை வாங்கி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று நேர் மின்சாரமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நம்மவர் மொழியில் சொன்னால், லாரியில் வரும் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாகத் தரும் மண்டிதான் அது.

1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை வகுத்த காலத்தில் கம்ப்யூட்டரின் பெரும்பகுதி மின்சாரம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் செலவானது. 2000-ல் பென்டியம் 4 வந்தபோது பிராசசருக்கென்று தனியாக 12 வோல்ட் இணைப்பு சேர்ந்தது. அன்றிலிருந்து நிலைமை தலைகீழாகிவிட்டது. இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட் சரக்கைத்தான். மற்ற இரண்டும் ஊறுகாய் அளவுக்கே தேவைப்படுகின்றன.

ஆனால் மலிவான பெட்டிகளில் என்ன செய்கிறார்கள்? 12 வோல்ட்டில் கொஞ்சம், 5 வோல்ட்டில் நிறைய, 3.3 வோல்ட்டில் நிறைய என்று எழுதி, மூன்றையும் கூட்டிப் பெரிய எண்ணாக மேலே அச்சிடுகிறார்கள். அரிசி கேட்டு வருகிறவரிடம், 'கடையில் 450 மூட்டை இருக்கிறது' என்று சொல்லி, பாதிக்கு மேல் தவிடாக வைத்திருப்பது போன்றது இது. எண் பொய்யில்லை என்று அவர்கள் வாதிடலாம். கேட்டவருக்கு வேண்டிய சரக்கு இல்லை என்பதுதான் உண்மை.

நமது பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பிறகுதான் படித்தோம். 12 வோல்ட்டுக்கு நேராக 17 ஆம்பியர் என்று இருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பன்னிரண்டு பதினேழு 204. மேலே 450 என்று எழுதிய பெட்டியில், கார்டுக்கும் பிராசசருக்கும் பயன்படக்கூடியது 204 வாட் மட்டுமே. இந்தப் பெருக்கலை நம் கல்லாவில் உட்காரும் சிறுவன்கூட ஒரு நொடியில் செய்வான். ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

இங்கு ஒரு எச்சரிக்கை. சில பெட்டிகளில் 12 வோல்ட் இரண்டு வரிகளாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் இத்தனை வாட் என்று கீழே தனியாக ஒரு எண் இருக்கும். அதுவே கணக்கு. அந்த எண்ணே இல்லையென்றால் அந்தப் பெட்டியே வேண்டாம்.

ஏற்றும் முன் எடை போடுவோம்

வண்டியில் எத்தனை மூட்டை ஏறும் என்று பார்த்துத்தானே ஏற்றுகிறோம்? அதே வழக்கம் இங்கும் போதும். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. இன்டெல் ஐ5-12400 பிராசசர் பெயரளவில் 65 வாட். ஆனால் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட். மதர்போர்டு, நினைவகம், டிஸ்க், மின்விசிறிகள் எல்லாம் சேர்த்து 60 வாட் என்று வைப்போம். கூட்டினால் 347.

347-க்கு 350 வாட் பெட்டி போதும் என்று நினைப்பது, பத்து டன் வண்டியில் பத்து டன்னும் ஏற்றி மலைப்பாதையில் விடுவதற்குச் சமம். கிராபிக்ஸ் கார்டு சீராகத் தின்பதில்லை. கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்தில் திடீரென்று பெயரளவைத் தாண்டி இழுத்துவிட்டு அடங்கும். இதை அறிந்துதான் 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 அளவுமுறை, பெரிய கார்டுகளுக்கான பவர் சப்ளைகள் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தம் அளவைப்போல் இரு மடங்கு இழுவையையும் தாங்க வேண்டும் என்று சொல்கிறது. எனவே கூட்டிவந்த தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது இடம் விட வேண்டும். அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன கம்ப்யூட்டருக்கு 460-க்குக் குறையாத, உண்மையான பெட்டி வேண்டும். என்விடியா அந்தக் கார்டுக்குப் பரிந்துரைப்பது 550 வாட். அதை வாங்கினால் மனநிம்மதி.

எல்லாக் கார்டும் ஒரே பசி உடையவை அல்ல. ஜி.டி.எக்ஸ். 1650 கார்டுக்கு 75 வாட் போதும், பரிந்துரை 300 வாட் பெட்டி. ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட், பரிந்துரை 550. 2022-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 ஒன்றே 450 வாட் தின்னும், பரிந்துரை 850. 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டுக்கு 575 வாட், பரிந்துரை 1000. இவற்றுக்கெல்லாம் பழைய பெட்டி என்றால், யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

கம்பியிலும் அளவு உண்டு

பெட்டியில் சரக்கு இருந்தால் மட்டும் போதாது. அது போகும் வழியும் அகலமாக இருக்க வேண்டும். மதர்போர்டில் கார்டு செருகும் இடத்திலிருந்து கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் பவர் சப்ளையிலிருந்து நேராகக் கம்பி வர வேண்டும். ஆறு முனை இணைப்பு 75 வாட்டுக்கும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டுக்கும் வகுக்கப்பட்டவை.

நம் கார்டு 170 வாட். செருகும் இடத்திலிருந்து 75 போக, மீதி 95 வாட் கம்பி வழியாக வர வேண்டும். மாட்டிக் கொடுத்ததோ சாட்டா வகை டிஸ்க் கம்பி. அந்த இணைப்பில் 12 வோல்ட்டுக்கு உள்ள அளவு 4.5 ஆம்பியர். அதாவது 54 வாட். 54 போக வேண்டிய வழியில் 95-ஐத் தள்ளினால் இணைப்பு சூடாகி உருகாமல் என்ன செய்யும்? பவர் சப்ளையில் எட்டு முனைக் கம்பி இல்லாமல் இருந்ததே, 'இந்தக் கார்டுக்கு நான் செய்யப்படவில்லை' என்று அந்தப் பெட்டி சொன்ன சேதி. மாற்று இணைப்பைப் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டோம்.

புதிய பெரிய கார்டுகளில் 16 முனை இணைப்பு வருகிறது. 600 வாட் வரை ஒரே கம்பியில் கொண்டுபோகும் ஏற்பாடு அது. 2022-ல் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் அந்த இணைப்பு உருகிய செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. முழுவதும் அழுந்தச் செருகாததே காரணம் என்று தயாரித்தவர்கள் கூறினர். 2023-ல் அந்த இணைப்பைத் திருத்தி அமைத்தார்கள். பெரிய கார்டு வாங்குவோர் இணைப்பு கடைசிவரை உள்ளே போயிற்றா என்று கண்ணால் பார்த்தே மூடியை மூட வேண்டும்.

பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களை மலிவாக வாங்கிக் கடையில் வைத்திருப்போர் நம்மில் பலர். அவற்றில் சிறிய வடிவத்தில் வருபவை பலவற்றின் பவர் சப்ளை 180 முதல் 240 வாட் அளவிலேயே இருக்கும். இணைப்புகளும் அந்தந்தக் கம்பெனிக்கென்று தனி வடிவம். கடையில் கிடைக்கும் பொதுவான பெட்டி அதில் பொருந்தாது. கார்டு வாங்கிய பிறகு இதை அறிந்து விழிப்பதைவிட, வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பார்ப்பது மேல்.

யு.பி.எஸ். என்ற இரண்டாவது தராசு

இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். பவர் சப்ளை 347 வாட் கொடுக்க வேண்டுமானால், சுவரிலிருந்து அதைவிடக் கூடுதலாக வாங்கும். இடையில் கொஞ்சம் சூடாகப் போகும். மண்டியில் சேதாரம் போவது போலத்தான். நூற்றுக்கு 85 தேறும் நல்ல பெட்டியாக இருந்தாலும், 347 கொடுக்க ஏறத்தாழ 408 வாட் வாங்கும். நம் கடைகளில் வழக்கமாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பலவற்றின் உண்மையான தாங்குசக்தி 360 வாட் மட்டுமே. மானிட்டரும் பில் பிரிண்டரும் வேறு அதில் மாட்டியிருக்கும். கார்டு முழு வேகத்தில் இருக்கும்போது மின்சாரம் போனால், யு.பி.எஸ். 'கீ' என்று ஒரு முறை கத்திவிட்டுக் கையை விரித்துவிடும். எழுதிக்கொண்டிருந்த கணக்கு அங்கேயே அறுந்துபோகும்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கி, அதற்காகப் பவர் சப்ளை மாற்றி, அதற்காக யு.பி.எஸ். மாற்றுவதென்றால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். இதைக் கார்டு வாங்கும் முன்னரே கூட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதே நாம் சொல்வது. புதிய பவர் சப்ளைகள் சில, மலிவான யு.பி.எஸ். தரும் கரடுமுரடான மின்சாரத்தில் ஒத்துழைக்காமல் அணைவதும் உண்டு. பணம் கொடுக்கும் முன் யு.பி.எஸ். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் கையில் சுருக்கென்று பிடிக்கிறதா? கடையில் எர்த் சரியில்லை என்று பொருள். எவ்வளவு நல்ல பவர் சப்ளை வாங்கினாலும் எர்த் இல்லாத கடையில் அதன் பாதுகாப்பு பாதிதான். எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

விற்பவருக்கு ஒரு சொல்

கம்ப்யூட்டர் வியாபாரம் செய்வோரும் வணிகர்களே. நமது சங்கங்களில் உறுப்பினர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனாலும் ஒன்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி நம் எடைக்கற்களுக்கு 24 மாதங்களுக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒரு முறையும் முத்திரை போட வேண்டும். போடாவிட்டால் அபராதம். பத்துக் கிராம் குறைந்தாலும் நாம் குற்றவாளி. இது நியாயமே. நாம் குறை சொல்லவில்லை. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். மேல் அச்சிட்ட வாட்டை எந்த முத்திரை ஆய்வாளரும் கடைக்கு வந்து நிறுத்துப் பார்ப்பதில்லை. 450 என்று எழுதி 204 விற்றாலும் கேட்பாரில்லை. அரசு நிறுத்துப் பார்க்காத இடத்தில் விற்பவரின் மனசாட்சிதான் தராசு.

'80 பிளஸ்' என்று ஒரு சான்று முத்திரை உண்டு. 2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டம் அது. பெட்டியின் அளவில் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் வைத்துச் சோதித்து, வாங்கிய மின்சாரத்தில் நூற்றுக்கு 80-ஆவது திருப்பித் தருகிறதா என்று பார்த்துக் கொடுப்பது. முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பதே நமக்கு ஒரு தைரியம். ஆனால் அது மின் சிக்கனத்துக்கான சான்று. உள்ளிருக்கும் உறுப்புகள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கான சான்று அல்ல. சான்று பெறாமலே அந்த முத்திரையை அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். எனவே முத்திரையோடு வாரண்டி ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். ஒரு வருடம்கூடப் பொறுப்பேற்காத கம்பெனி, தன் பெட்டியைத் தானே நம்பவில்லை என்றுதான் பொருள்.

கம்ப்யூட்டர் வியாபாரிகளிடம் நாம் கேட்பது இதுதான். கார்டு கேட்டு வருபவரிடம், 'உங்கள் பவர் சப்ளை என்ன?' என்று முதலில் கேளுங்கள். பில்லில் வெறுமனே 'எஸ்.எம்.பி.எஸ். 450' என்று எழுதாமல், கம்பெனி, மாடல், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று எழுதிக் கொடுங்கள். பொருந்தாது என்றால் கார்டை விற்காதீர்கள். அன்றைய லாபம் போகும். அந்த வாடிக்கையாளர் போகமாட்டார். கெட்டுப்போன எண்ணெயை, 'இது வேண்டாம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிய மளிகைக்காரரிடம் மக்கள் ஆயுள் முழுக்க வருவதில்லையா?

வாங்கும் நமக்கும் பங்கு உண்டு

உண்மையைச் சொல்வதானால் குற்றத்தில் பாதி நம்முடையது. கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் என்ன கேட்டோம்? எத்தனை ஜி.பி., திரை எத்தனை அங்குலம், கடைசி விலை என்ன என்று கேட்டோம். பேசிப் பேசி விலையைக் குறைத்தோம். நாம் நெருக்கினால் விற்பவர் எதைக் குறைப்பார்? கண்ணுக்குத் தெரிந்ததைக் குறைக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாததைக் குறைப்பார். கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாதது பவர் சப்ளை. நம்மிடம் வந்து அடிமாட்டு விலை கேட்பவருக்கு என்ன சரக்கு போகும் என்பது நமக்குத் தெரியாததா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பில் போடுவதற்குக் கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. பிராசசரோடு வரும் காட்சித் திறனே போதும். கடைக் காமிராப் படங்களைச் சேர்த்து வைக்கத் தனிப் பெட்டி இருக்கிறது. எனவே பிள்ளைகளுக்குக் கார்டு வேண்டுமென்றால், அவர்களுக்கென்று வேறு கம்ப்யூட்டர் இருக்கட்டும். கல்லாக் கம்ப்யூட்டர் கல்லாவுக்கே இருக்கட்டும். கல்லாப் பெட்டியில் பிள்ளைகளை விளையாட விடுவோமா? விளையாட்டுக்கு வாங்கிய கார்டைக் கடைக் கணக்கில் காட்டி உள்ளீட்டு வரி எடுப்பதும் சரியல்ல. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்குச் சட்டம் அந்தச் சலுகையைத் தரவில்லை.

ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த ஆண்டுக்குரிய ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 'பவர் சப்ளை வெடித்துவிட்டது' என்பது அதற்குப் பதிலாகாது. ஆறு ஆண்டுக் கணக்கை, தன் எடையைத் தானே பொய் சொல்லும் ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்திருக்கிறோம். இதுதான் நம் கவலை.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை

1. இன்றே கடையை மூடும் முன், கம்ப்யூட்டரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றிப் பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படியுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

2. 12 வோல்ட் ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கி ஒரு சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டுங்கள். இனி எவர் கார்டு மாட்ட வந்தாலும் முதலில் அந்தச் சீட்டைப் பார்க்கட்டும்.

3. கார்டு வாங்கும் முன், பிராசசர், கார்டு, மற்றவை என்று கூட்டி, மூன்றில் ஒரு பங்கு சேர்த்து, பவர் சப்ளை, யு.பி.எஸ். இரண்டோடும் ஒப்பிடுங்கள்.

4. டிஸ்க் கம்பியிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுக்கும் மாற்று இணைப்பை ஏற்காதீர்கள்.

5. கணக்கைத் தினமும் கடை மூடும்போது வேறொரு இடத்தில் பிரதி எடுங்கள். பதினொரு நாள் பாக்கி வைத்த நாம் சொல்கிறோம்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் வியாபாரம் செய்யும் உறுப்பினர்களையே அழைத்து, மற்ற உறுப்பினர்களுக்கு அரை நாள் வகுப்பு ஒன்று நடத்தச் சொல்லலாம். பில்லில் 12 வோல்ட் அளவை எழுதித் தருவது என்று அவர்களே கூடி ஒரு முடிவெடுத்தால், அதற்கு அரசாணை வேண்டியதில்லை. ஒருவர் எழுதத் தொடங்கினால், எழுதாதவரிடம் வாங்க மக்கள் யோசிப்பார்கள்.

நாம் இப்போது புதிய பவர் சப்ளை வாங்கிவிட்டோம். பில்லில் எல்லாம் எழுதி வாங்கினோம். கார்டு வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ரசீதைக் காட்டிய அந்த அண்ணாச்சி இன்னும் நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஆனால் முன்பு ரசீது வேண்டாம் என்று சொல்லிப் போகிறவர், இப்போது ஒவ்வொரு முறையும் நின்று கேட்டு வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். அந்த நிலை வேறு எந்த உறுப்பினருக்கும் வர வேண்டாம்.